குறுக்கே பேசாதவர்

எங்கள் தீவின் தலைநகரான அந்தனானரிவோவில் ஒரு சாவுச் செய்தி வந்து சேர்வதற்குள் செத்தவருக்கே அலுத்துப்போய்விடும். போனில் சொல்லக்கூடாது. வயதில் சின்னவர் சொல்லக்கூடாது. தெருவில் வைத்து, அந்நியர் காதில் விழும்படி சொல்லக்கூடாது. பேசிக்கொண்டிருப்பவரை நிறுத்திச் சொல்லவே கூடாது. குடும்பத்துப் பெரியவர் ஒருவர் வெள்ளைச் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு நேரில் வருவார். வந்தவர் முதலில் தான் பேச நின்றதற்கு மன்னிப்புக் கேட்பார். பிறகு வானத்தைப் பற்றிப் பேசுவார், வயலைப் பற்றிப் பேசுவார், மனித உடம்பு என்று ஒன்று இருந்தால் அது நோகத்தான் செய்யும் என்பார். அதற்குள் கேட்பவருக்கு உயிர் போய்ப் போய் வந்துவிடும். இதைத்தான் நாங்கள் மரியாதை என்கிறோம். இந்த மரியாதையின் மேல் எனக்குத் தீராத கோபம். அதற்குக் காரணம் மியாலியின் ஒரு சனிக்கிழமை.

மியாலி வெளிநாட்டுக்காரர்களுக்கு மேல் நகரத்தைச் சுற்றிக் காட்டுபவள். கீழே கடைத்தெருப் படிக்கட்டின் உச்சியிலிருந்து கிளம்பி, பழைய செங்கல் வீடுகளுக்கு நடுவே ஏறி, அரண்மனைக் குன்றின் முனைக்குக் கூட்டிப்போய், ஊர் முழுவதையும் காட்டிவிட்டு அனுப்புவாள். அவள் முன்னால் பேசிக்கொண்டே நடப்பாள். நான், லுவா, கடைசியில் நடப்பேன். யாரும் பின்தங்காமல், யாருடைய பையிலும் யாருடைய கையும் நுழையாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. மற்ற வழிகாட்டிகள் என்னை 'வால்' என்பார்கள். நான் மியாலியை அக்கா என்பேன். அவளை மாதிரி பேச இந்த ஊரில் ஆள் கிடையாது. கல்லைக் காட்டிப் பேசினால் கல்லே திரும்பிப் பார்க்கும்.

அன்றைக்கு அவளுடைய அம்மா ஏரிக்கரைப் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தாள். இதயத்தில் கோளாறு, காலெல்லாம் வீக்கம். சில நாட்களாகவே பயமுறுத்திக்கொண்டிருந்த உடம்பு. மியாலி இரவெல்லாம் கட்டிலுக்குக் கீழே பாயைப் போட்டுப் படுத்துவிட்டு, காலையில் நேராக வேலைக்கு வந்திருந்தாள். வந்தவள் முகத்தில் பல நாள் கழித்துச் சிரிப்பு இருந்தது.

"இன்னைக்கு எந்திரிச்சு உக்காந்துட்டா லுவா. ஒரு கிண்ணம் கஞ்சிய அவளே கரண்டி பிடிச்சுக் குடிச்சா. 'நீ இங்க உக்காந்து மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு இருந்தா பக்கத்துக் கட்டிலுக்காரிக்கும் சீக்கு வந்துரும், போடி வேலைக்கு'ன்னு விரட்டிட்டா."

"பக்கத்துல யாரு இருக்காங்க?"

"பெர்த்தின் அக்கா. அடுத்த வீட்டுக்காரங்க. மாமாவும் வந்து பாக்கறேன்னாரு."

அக்டோபர் மாதம். ஏரியைச் சுற்றி ஜகரந்தா மரங்கள் ஊதாப் பூவாகப் பூத்துக் கிடந்தன. வந்திருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான்: எதையாவது கேட்டுக்கொண்டே இருந்த ஓர் இத்தாலியக் கணவனும் மனைவியும், காமிராவைத் தவிர வேறு எதையும் பார்க்காத சில ஜெர்மன்காரர்கள், மிஷேல் என்கிற பிரெஞ்சுக்கார டீச்சரம்மா ஒருவர். டீச்சரம்மாவுக்கு முட்டி வலி. மலையேற்றம் என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தோம், ஆனாலும் வந்திருந்தார்.

படிக்கட்டு உச்சியில் மியாலி ஆரம்பித்தாள். இந்தப் படிகளில் யார் யார் சுமை தூக்கி ஏறினார்கள் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் நான் கீழே பார்த்தேன். ரசாஃபி மாமா ஏறி வந்துகொண்டிருந்தார். மியாலியின் அம்மாவுக்கு மூத்த அண்ணன். கையில் குடை, தலையில் வைக்கோல் தொப்பி, தோளில் மடிப்புக் கலையாத வெள்ளைச் சால்வை.

நான் மியாலியைத் திரும்பிப் பார்த்தேன்.

மியாலியும் பார்த்துவிட்டாள். வாயில் இருந்த வாக்கியம் பாதியில் நின்றது. ஒரு மூச்சு இழுத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, நிறுத்தியதைவிட இரண்டு மடங்கு வேகத்தில் பேச ஆரம்பித்தாள்.

ரசாஃபி மாமாவைத் தெரியாதவர்கள் எங்கள் பகுதியில் இல்லை. பேச்சுதான் அவருக்குத் தொழில். பெண் கேட்கப் போகும் வீட்டார் அவரை முன்னால் விட்டுத்தான் போவார்கள். அவர் பேசி முடிவதற்குள் பெண்ணின் அப்பன் பெண்ணையும் கொடுத்து மதியச் சாப்பாட்டையும் போட்டுவிடுவான். அப்பேர்ப்பட்ட மனிதர் இன்றைக்கு மூச்சு வாங்கியபடி படியேறி வந்து, கூட்டத்துக்கு ஓரமாக நின்று, தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டு, பேசுகிறவள் முடிக்கட்டும் என்று காத்திருந்தார்.

நான் பக்கத்தில் போனேன். "வணக்கம் ஐயா. அக்காவப் பாக்க வந்தீங்களா?"

"ஆமா தம்பி. பேசட்டும், பேசட்டும். முடிச்சதும் பாத்துக்கறேன்."

"அம்மா விஷயமாங்களா?"

அவர் ஏரிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "அவகிட்டதான் தம்பி முதல்ல சொல்லணும். தப்பா நெனச்சுக்காத."

தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? பெற்ற மகளுக்கு முன்னால் வழிப்போக்கன் எனக்குச் சொன்னால் அது அந்த வீட்டுக்கே அவமானம். சால்வை, தொப்பி, நேரில் வந்தது, வாயைத் திறக்காதது. எங்கள் ஊரில் பிறந்தவனுக்கு அதற்குமேல் எதுவும் தேவையில்லை. காலையில் கஞ்சி குடித்தவள் போய்விட்டாள் என்று நான் முடிவுகட்டினேன்.

வழக்கமாக ஒவ்வோர் இடத்திலும் பேசி முடித்ததும் மியாலி சற்று நேரம் விடுவாள். படம் எடுப்பார்கள், தண்ணீர் குடிப்பார்கள். மாமா அந்த இடைவெளிக்குத்தான் காத்திருந்தார். மியாலி அன்றைக்கு இடைவெளியே விடவில்லை. "வாங்க, வாங்க, நடந்துக்கிட்டே பேசுவோம், வெயில் ஏறுது" என்று கையை வீசிக்கொண்டு கிளம்பிவிட்டாள். மாமா அப்போதுதான் தொப்பியைத் திருப்பிப் பிடித்து வாயைத் திறந்திருந்தார். திறந்த வாயோடு நின்றார்.

நான் கடைசியிலிருந்து முன்னால் ஓடினேன். வால் முன்னால் வருவது எங்கள் தொழிலில் பெரிய குற்றம்.

"அக்கா, மாமா வந்திருக்காரு."

"பாத்தேன்." முகத்தில் வெளிநாட்டுக்காரர்களுக்கான சிரிப்பு அப்படியே இருந்தது.

"ஒரு நிமிஷம் ஒதுங்கிப் பேசிட்டு வாங்க. இவங்கள நான் பாத்துக்கறேன். அடுத்த இடத்துக் கதைய நானே ரெண்டு வரி சொல்லிடறேன்."

"அவர் தோள்ல என்ன போட்டிருக்காருன்னு பாத்தியா?"

நான் பின்னால் திரும்பி அவரைப் பார்த்தேன்.

"பாத்தல்ல? அப்புறம் எதுக்கு என்னை நிக்கச் சொல்ற?" இதைச் சொல்லும்போதும் சிரிப்பு மாறவில்லை. கண்தான் மாறியிருந்தது. "அவர் வாயத் திறக்கற வரைக்கும் எங்கம்மா கட்டில்ல உக்காந்து கஞ்சி குடிச்சுக்கிட்டு இருக்கா லுவா. இன்னும் கொஞ்ச நேரம் குடிக்கட்டும். விடேன்."

சொல்லிவிட்டு, பையிலிருந்து போனை எடுத்து அணைத்தாள். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, இடதுபுறம் இருந்த மர வராந்தா வீட்டைக் காட்டி, அதை யார் கட்டினார், யாருக்கு விற்றார், விற்ற பிறகு எத்தனை நாள் அழுதார் என்றெல்லாம் சொல்ல ஆரம்பித்தாள். பாதி கட்டுக்கதை. நான் அதற்கு முன் கேட்டதே இல்லை.

நான் என் இடத்துக்குத் திரும்பினேன். வேறு என்ன செய்ய? அவளிடம் போய் 'உன் அம்மா செத்துவிட்டாள், நில்' என்று சொல்ல நான் யார்? அவளுக்கு அந்தச் சொற்ப நேரத்தைக் கொடுத்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது. செத்தவருக்கு அவசரம் இல்லை, இருப்பவர் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்ளட்டும் என்று நினைத்தேன்.

ஏற்றம் ஆரம்பித்தது. உருண்டைக் கல் பதித்த தெரு. ஓரத்தில் அரிசிமாவு அப்பம் சுடுகிற பெண் கரியை விசிறிக்கொண்டிருந்தாள். மாமாவின் சால்வையைப் பார்த்தாள், முன்னால் வேகமாகப் பேசிக்கொண்டு போகும் மியாலியைப் பார்த்தாள். விசிறியைக் கீழே வைத்துவிட்டு மார்பில் கை வைத்தாள். அவ்வளவுதான். அடுத்த கடைக்கு எப்படிப் போனதோ, செருப்புத் தைப்பவர் எழுந்து தொப்பியைக் கழற்றினார். தண்ணீர்க் குழாயடியில் சண்டை போட்டுக்கொண்டிருந்த பெண்கள் வாயை மூடிக்கொண்டு குடத்தை ஓரம் தள்ளினார்கள். மியாலி போகும்போது எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தெரு முழுக்கத் துக்கம் விசாரித்தாகிவிட்டது, துக்கக்காரிக்குத்தான் இன்னும் சொல்லவில்லை.

மாமா எல்லோருக்கும் தலையசைத்து வந்தார். "இந்தத் தெருவுல இன்னும் மரியாதை இருக்கு தம்பி" என்றார் என்னிடம். குரலில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. இந்த நேரத்தில் என்ன மனிதர் இவர் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. பிறகு, பெரியவர், உள்ளே எரிவதை மூடிக்கொண்டு பேசுகிறார் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

அவரை நிம்மதியாக நடக்கவும் விடவில்லை. மிஷேல் டீச்சரம்மா அவரைக் கண்டுபிடித்துவிட்டார்.

"இவர் உங்க நிகழ்ச்சியைச் சேர்ந்தவரா? உடை ரொம்ப அழகா இருக்கே!" என்று என்னிடம் கேட்டார்.

"இல்லைங்க, இவர் அவங்களுக்கு மாமா."

"ஓ, குடும்பமே சேர்ந்து நடத்துறீங்களா? அருமை!" என்று மாமாவின் கையை உரிமையோடு பிடித்துக்கொண்டார். "ஐயா, உங்களுக்குச் சிரமம் இல்லேன்னா... எனக்கு முட்டி கொஞ்சம் வலிக்குது."

விருந்தாளி கையைப் பிடித்துவிட்டால் எங்கள் மாமா உதறுவாரா? பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சில், "இது என் பாக்கியம் அம்மா" என்றார். அதன் பிறகு அவர் நடந்தது டீச்சரம்மாவின் முட்டி நடந்த வேகத்தில். ஜெர்மன்காரர்கள் முன்னால் ஓடி வந்து இருவரையும் சேர்த்துப் படம் எடுத்தார்கள். சால்வையைச் சற்றுச் சரிசெய்யச் சொன்னார்கள். சரிசெய்தார். குடையை இந்தக் கைக்கு மாற்றச் சொன்னார்கள். மாற்றினார். மியாலி ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். கன்னம் துடித்தது. அடுத்த திருப்பத்தில் மறைந்துவிட்டாள். குரல் மட்டும் சுவரில் பட்டுப் பட்டு வந்தது.

அந்தோஹாலோ சதுக்கத்துக்கு வந்தோம். ராஜாக்களும் ராணிகளும் ஜனங்களைக் கூட்டி வைத்துப் பேசிய இடம். வழக்கமாக மியாலி இங்கே சுருக்கமாக முடித்துவிடுவாள். அன்றைக்கு முதல் ராஜாவிலிருந்து ஆரம்பித்தாள். ஒவ்வொருவராக வந்தார்கள், பேசினார்கள், செத்தார்கள். மாமா பெஞ்சில் உட்கார்ந்து மூச்சைத் தேற்றிக்கொண்டார். டீச்சரம்மா பக்கத்தில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டார்.

இத்தாலியக்காரர் கேட்டார்: "ராணி பேசும்போது யாராவது குறுக்கே பேசினா என்ன ஆகும்?"

"பேசினதில்லை" என்றாள் மியாலி. "எங்க ஊர்ல பேசறவங்க பேசி முடிக்கற வரைக்கும் யாரும் குறுக்கே பேச மாட்டாங்க. எவ்வளவு பெரியவங்களா இருந்தாலும் சரி. எவ்வளவு முக்கியமான விஷயமா இருந்தாலும் சரி." மாமாவைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள். கெஞ்சுகிற பார்வை.

மாமா மெதுவாகத் தலையை ஆட்டினார், சரியாகச் சொன்னாய் என்பது போல. என் பக்கம் குனிந்து, "நல்லாப் பேசறா. எங்க குடும்பத்து நாக்கு" என்றார்.

என்னால் தாங்க முடியவில்லை. "ஐயா, நீங்க கையத் தூக்குங்க. நான் சத்தம் போட்டு நிறுத்தறேன். என்னைத் திட்டினா திட்டிக்கட்டும்."

"சேச்சே. அந்நியங்க முன்னாடியா?" என்றவர், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "அவ அம்மா என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் தம்பி கேட்டா. 'அவ வேலையக் கெடுத்துராத அண்ணா'ன்னு. அத மீறினா நான் மனுஷனா?"

அது கடைசி வார்த்தை என்று நான் புரிந்துகொண்டேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. அதற்குமேல் அவரை வற்புறுத்த வாய் வரவில்லை. சாகும்போதும் மகள் பிழைப்பைப் பற்றி நினைத்த தாய் என்று மனசுக்குள் கும்பிடு போட்டேன்.

அங்கிருந்து தேவாலயம், தேவாலயத்துக்குப் பின்னால் ராணி காலத்தில் ஜனங்களைத் தள்ளிக் கொன்ற பாறை, பிறகு மந்திரி மாளிகை, பிறகு கடைசிச் செங்குத்து ஏற்றம். பாறை விளிம்பில் நின்றால் ஏரி நேர் கீழே தெரியும். மியாலி ஏரிக்கு முதுகைக் காட்டி நின்று பேசினாள். தொண்டை கட்டிக்கொண்டது. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. தண்ணீர் குடிக்க நிறுத்தினால் அந்த இடைவெளியில் மாமா வந்துவிடுவார் அல்லவா? வாயில் வந்ததையெல்லாம் சொன்னாள். சுவரில் இருந்த வெடிப்பைப் பற்றிச் சொன்னாள், காகத்தைப் பற்றிச் சொன்னாள், செங்கல் எப்படிச் சுடுவார்கள் என்று சொன்னாள். ஜெர்மன்காரர்களே காமிராவை இறக்கிவிட்டு அவளைப் பார்க்க ஆரம்பித்தார்கள். "என்ன ஈடுபாடு இந்தப் பெண்ணுக்கு!" என்று டீச்சரம்மா மாமாவிடம் சொன்னார். மாமா பெருமையாகச் சிரித்தார். சிரித்தவர் மறுபடி ஏரியைப் பார்த்தார். இந்தத் தடவை அவர் முகத்தில் அவசரம் தெரிந்தது. அதை நான் பார்த்தேன். களைப்பு என்று நினைத்தேன்.

குன்றின் முனைக்கு வந்து சேர்ந்தோம். அரண்மனை பின்னால். முன்னால் ஊர் முழுவதும்.

இதற்குமேல் ஏற இடம் இல்லை. மியாலி கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் காட்டினாள். தூரத்துக் குன்றுகள், அவற்றின் பெயர்கள். நெல்வயல்கள். ரயில் நிலையம். விளையாட்டு மைதானம். ஊதா மரங்கள் சூழ்ந்த ஏரி. மறுபடியும் குன்றுகள். சொன்ன குன்றையே இரண்டாம் முறை சொன்னாள்.

டீச்சரம்மா மாமாவின் கையை விட்டுவிட்டு முன்னால் போய், "ஏரிக்குப் பக்கத்துல நீளமா ஒரு கட்டடம் இருக்கே, அது என்ன அரண்மனையா?" என்றார்.

"அது..." என்றாள் மியாலி. "அது ஆஸ்பத்திரி."

குரல் அதோடு நின்றது. இன்னொரு வார்த்தை வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். வரவில்லை. சுற்றுலா முடிந்தது என்று எண்ணி இத்தாலியக்காரர் கை தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். நன்றாகவே தட்டினார்கள்.

கைதட்டல் அடங்கியதும் மாமா முன்னால் வந்தார். குடையைக் கம்பியில் மாட்டினார். சால்வையை இழுத்துவிட்டு, தொப்பியைக் கழற்றி, தொண்டையைச் செருமி, ஒரு சபைக்கு முன் நிற்பதுபோல நேராக நின்றார்.

"மன்னிக்கணும். இங்க நிக்கறவங்கள்ல நான் அறிவுல பெரியவன் இல்ல. பேசறதுக்குத் தகுதி உள்ளவனும் இல்ல. இருந்தாலும் வயசு என்னை முன்னால தள்ளி விட்டதால..."

"நிறுத்துங்க மாமா!"

மியாலி கத்திய கத்தலில் டீச்சரம்மா பின்வாங்கினார்.

"நிறுத்துங்க. மன்னிப்பெல்லாம் கேக்காதீங்க. எனக்குத் தெரியும். அம்மா செத்துட்டா. எனக்குத் தெரியும், தெரியும்!"

மாமாவின் கையிலிருந்து தொப்பி விழுந்தது.

"செத்துட்டாளா?" என்றார். குரல் ஒரு கிழவருடைய குரலாக இருந்தது. "எப்போ? உனக்கு யார் சொன்னா? போன் வந்துச்சா கண்ணு? ஐயோ, என் தங்கச்சி சாஹுந்த்ரா..."

"என்ன மாமா கேக்கறீங்க? நீங்கதானே சொல்ல வந்தீங்க!"

"நானா? நான் எப்படி... நான் வரும்போது உக்காந்துக்கிட்டு இருந்தாளே! நீ போனப்புறம் திடீர்னு மூச்சு முட்டுதுன்னு சொன்னா. டாக்டர் வந்து பாத்துட்டு சொந்தக்காரங்களக் கூப்பிட்டுக்கங்கன்னாரு. 'மியாலியப் பாக்கணும் அண்ணா, கூட்டிட்டு வா. ஆனா பயமுறுத்தாத, வேலையக் கெடுக்காத, முடிச்சதும் கூட்டிட்டு வா'ன்னா. உன் போனுக்கு அடிச்சேன், எடுக்கல. அதான் நானே நடந்து வந்தேன்."

"சால்வை... இந்தச் சால்வை எதுக்கு?"

"மத்தியானம் ஒரு வீட்டுக்குப் பொண்ணு கேக்கப் போகணும் கண்ணு, அதுக்கும் இதே சால்வைதானே. காலையிலேயே உடுத்திட்டேன். அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போனேன், அப்படியே வந்தேன்." அவர் தன் தோளைத் தானே பார்த்தார், அங்கே அது இருப்பது இப்போதுதான் தெரிந்தவர்போல. கீழே தெருவில் எழுந்து நின்றவர்கள், மார்பில் கை வைத்தவர்கள், எல்லோரும் அவர் கண்ணுக்கு முன்னால் வந்திருக்க வேண்டும். சால்வையை இழுத்துச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

எனக்கு யாரை அடிப்பது என்று தெரியவில்லை. மாமா முதலில் வந்து நின்றாரே, அந்தப் படிக்கட்டு உச்சியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு இறங்கி நடந்தால் சூடான காப்பி ஆறுவதற்குள் போய்விடலாம். அங்கிருந்து நாங்கள் ஒவ்வொரு வளைவாக, ஒவ்வொரு ராஜாவாக, ஏறி ஏறித் தள்ளி வந்திருந்தோம். இப்போது இங்கே, ஊரிலேயே உயரமான இடத்தில் நிற்கிறோம். ஆஸ்பத்திரிக் கூரை தெரிகிறது. ஜன்னல்கள் தெரிகின்றன. துணி காயப்போட்டிருப்பதுகூடத் தெரிகிறது. கை நீட்டினால் தொட்டுவிடலாம் போல இருந்தது.

"போகலாம். போகலாம் மாமா. லுவா, வண்டி!" மியாலி போனை எடுத்து அழுத்தினாள். அது உயிர்பெற மறுத்து வெள்ளைத் திரையையே காட்டிக்கொண்டிருந்தது.

நான் அரண்மனை வாசலுக்கு ஓடினேன். பழைய டாக்சி ஒன்று நின்றிருந்தது. டிரைவர் பானெட்டில் சாய்ந்து கடலை தின்றுகொண்டிருந்தார்.

"ஏரிக்கரை ஆஸ்பத்திரி. அவசரம்."

அவர் கடலைத் தோலை ஊதிவிட்டு, குன்றின் கீழே காட்டினார். சனிக்கிழமைச் சந்தை. கீழே இறங்கும் ஒரே தெருவில் வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக அசையாமல் நின்றிருந்தன. "ஏறிக்கங்க, வரேன். ஆனா பொய் சொல்ல மாட்டேன் தம்பி, நடந்து போறதுதான் வேகம்."

நடந்து போவது. மாமாவையும் இழுத்துக்கொண்டா? மாமா வேண்டாம், அவள் ஓடட்டும், நான் கூட ஓடுகிறேன், படிக்கட்டுக் குறுக்குவழி தெரியும் என்று நினைத்துக்கொண்டே திரும்பி ஓடினேன். ஓடும்போதே அவளுடைய போனின் சத்தம் கேட்டது. தவறிய அழைப்புகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்துகொண்டிருந்தன. அவை நிற்பதற்குள் மணி அடித்தது.

"பெர்த்தின் அக்கா!" மியாலி போனைக் காதில் அழுத்திக்கொண்டாள். "அக்கா, வந்துட்டேன்னு சொல்லுங்க அம்மாகிட்ட. இதோ இறங்கறேன். போன அவ காதுல வைங்க, நான் பேசறேன். அக்கா?"

அந்தப் பக்கத்திலிருந்து பெர்த்தின் அக்காவின் குரல். அவள் சத்தமாகப் பேசும் பெண்மணி, எனக்கே கேட்டது.

"எங்க கண்ணு இருக்க? ஏதாவது சாப்பிட்டியா?"

"அக்கா, அம்மாகிட்ட குடுங்க."

"வெயில் அதிகமா மேல? உக்கார இடம் இருக்கா?"

மியாலியின் முகத்தில் இருந்த ரத்தம் எங்கே போனது என்று தெரியவில்லை.

"உங்க மாமா பக்கத்துல இருக்காராம்மா? போன அவர்கிட்ட குடு கண்ணு."

அவள் போனைக் காதிலிருந்து எடுத்து அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மாமாவிடம் நீட்டினாள். மாமா வாங்கிக்கொண்டார். "ம்" என்றார். கேட்டார். "ம்" என்றார். "எப்ப?" என்றார். மறுபடி "ம்". போனை எப்படி அணைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. நான்தான் வாங்கி அணைத்தேன்.

டீச்சரம்மா என் சட்டையைத் தொட்டு, "ஏதாவது கெட்ட செய்தியா? நாங்க போயிடட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டார். நான் அவர்களை எல்லாம் வாசல் பக்கம் கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும். அதுதான் என் வேலை. கால் நகரவில்லை. அவர்களும் நகரவில்லை.

மாமா குனிந்து தொப்பியை எடுத்தார். தூசியைத் தட்டினார். தலையில் வைத்தார், பிறகு கழற்றினார். கக்கத்தில் சுருட்டி வைத்திருந்த சால்வையை எடுத்துப் பார்த்தார். அதைப் போடுவதா வேண்டாமா என்று கைக்குத் தெரியவில்லை. மியாலி அவருக்கு எதிரே வந்து நின்றாள். சால்வையை அவர் கையிலிருந்து வாங்கி, உதறி, அவர் தோளில் சரியாகப் போட்டுவிட்டாள். மடிப்பை நீவினாள். ஒரு அடி பின்னால் போய், கைகளைக் கோத்துக்கொண்டு, கேட்பவர்கள் நிற்கும் முறைப்படி தலையைக் குனிந்து நின்றாள்.

"சொல்லுங்க மாமா" என்றாள். "இப்ப நான் குறுக்கே பேச மாட்டேன்."

மாமா வாயைத் திறந்தார். எத்தனையோ வீடுகளில், எத்தனையோ சபைகளில் தட்டாமல் வந்த மன்னிப்பு. அதன் முதல் வார்த்தைகூட அவருக்கு வரவில்லை.